ஓரெழுத்தில் பொருள் மாறும் ஆங்கிலச் சொற்கள்: தடுமாறாமல் எழுதப் பழகும் வழி

அலுவலக மின்னஞ்சல்களை 'ப்ளீஸ் அட்வைஸ்' என்று முடிப்பது நம் ஊரில் பரவலான வழக்கம். அந்த அட்வைஸில் சி போடுவதா, எஸ் போடுவதா என்ற இடத்தில் பலருக்கும் கை தடுமாறும். தவறாகப் போட்டாலும் கணினி பெரும்பாலும் சிவப்புக் கோடு போட்டு எச்சரிக்காது. இரண்டுமே அகராதியில் உள்ள சரியான சொற்கள்தான். அந்த இடத்தில் அந்தச் சொல் நிற்கலாமா என்பதை எழுதுகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் வழியில் படித்துவிட்டு, வேலைக்குச் சேர்ந்த பிறகு ஆங்கிலத்தில் எழுத வேண்டிய நிலைக்கு வந்தவர்களின் விண்ணப்பங்களையும் கடிதங்களையும் பல ஆண்டுகளாகத் திருத்திக் கொடுத்துவருகிறேன். வாக்கிய அமைப்பெல்லாம் அழகாக இருக்கும் கடிதங்கள்கூட இந்த இரட்டைச் சொற்களில் சறுக்கிவிடுகின்றன. இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பனி, பணி, கரி, கறி, அலை, அழை என்று மயங்கொலிச் சொற்களை நமக்குப் பள்ளியில் தனியாக உட்கார வைத்துச் சொல்லித் தந்தார்கள். அதனால்தான் "பணி பெய்தது" என்று யாராவது எழுதினால் நம் கண்ணுக்கு உடனே உறுத்துகிறது. ஆங்கிலத்தில் அந்தப் பயிற்சி நம்மில் பலருக்கும் கிடைக்கவில்லை. இப்போது தொடங்கினாலும் அந்த உறுத்தல் வந்துவிடும்.

ஒரு வேண்டுகோள். இங்கே ஆங்கிலச் சொற்களையெல்லாம் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல் வரும்போதும் அதை ஆங்கில எழுத்தில் நீங்களே எழுதிப் பாருங்கள். கண்ணால் மட்டும் படித்துக்கொண்டு போனால் இந்தச் சொற்கள் மனதில் தங்காது.

முதல் படி: உங்களுக்கு வேண்டிய சொற்களை மட்டும் எடுங்கள்

'குழப்பம் தரும் நூறு சொற்கள்', 'இருநூறு சொற்கள்' என்று இணையத்தில் பட்டியல்கள் கொட்டிக் கிடக்கின்றன. தொடக்கத்திலேயே அவற்றை மனப்பாடம் செய்யப் போகாதீர்கள். தெரியாத இரண்டு சொற்களை அக்கம்பக்கமாக வைத்து ஒரே நேரத்தில் படித்தால், எது எதனுடைய பொருள் என்று புதிதாக ஒரு குழப்பம் சேரும்.

அதற்குப் பதிலாக, கடந்த சில மாதங்களில் நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களைத் திறந்து, எழுதும்போது தயங்கிய சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் தேறாது. வேலைக்கு வேலை இந்தப் பட்டியல் மாறும். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு 'பிரின்சிபல்' தினமும் தேவைப்படும். கட்டட மேற்பார்வையாளருக்கு 'சைட்' இல்லாமல் நாள் போகாது. செவிலியருக்கு 'ஹைப்பர்', 'ஹைப்போ' இரண்டும் பிழையின்றி வர வேண்டும். தேவாலயத்தின் பலிபீடத்தைக் குறிக்கும் 'ஆல்டர்' ஏ-ஆர் என்று முடியுமா ஈ-ஆர் என்று முடியுமா என்று நம்மில் பலர் வாழ்நாளில் ஒருமுறைகூட யோசிக்க வேண்டி வராது. அதை விட்டுவிடலாம்.

இரண்டாம் படி: பெயரா, வினையா என்று கேளுங்கள்

குழப்பும் சொற்களில் ஒரு பெரிய கூட்டம் இந்த ஒரே கேள்வியில் தெளிந்துவிடும். அதனால் இந்தப் படியில் கொஞ்சம் நின்று போவோம்.

அட்வைஸையே எடுத்துக்கொள்வோம். சி போட்டது பெயர்ச்சொல்: அறிவுரை, ஆலோசனை. எஸ் போட்டது வினைச்சொல்: ஆலோசனை சொல். 'ப்ளீஸ் அட்வைஸ்' என்றால் 'தயவுசெய்து சொல்லுங்கள்' என்று பொருள். எனவே அங்கே எஸ்தான் வரும். 'தாங்க் யூ ஃபார் யுவர் அட்வைஸ்' என்று எழுதினால் நன்றி சொல்வது அவருடைய ஆலோசனைக்காக, அங்கே சி. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சி போட்ட அட்வைஸுக்குப் பன்மை கிடையாது. எத்தனை அறிவுரை கிடைத்தாலும் கடைசியில் எஸ் சேர்த்துப் பன்மையாக்க முடியாது.

இரண்டுக்கும் ஒலியிலும் வேறுபாடு உண்டு. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் அது நமக்குத் தெரியாமல் போகிறது. தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டிச் சொல்லுங்கள்; தொண்டை அசையாது. இப்போது ஆங்கில இசட் ஒலியை நீட்டிச் சொல்லுங்கள். விரலுக்கடியில் அதிர்வு தெரியும். பெயர்ச்சொல்லான அட்வைஸ் அதிர்வில்லாமல் முடியும். வினைச்சொல் அதிர்ந்து முடியும். கருவியைக் குறிக்கும் சி போட்ட 'டிவைஸ்', ஒரு வழியைத் திட்டமிட்டு உருவாக்கு என்று பொருள்படும் எஸ் போட்ட 'டிவைஸ்' இரண்டும் இதே போலத்தான்.

ஆங்கிலத்தின் பழைய பழக்கங்களில் இது ஒன்று. 'பிலீஃப்' நம்பிக்கை, 'பிலீவ்' நம்பு. 'ப்ரூஃப்' சான்று, 'ப்ரூவ்' நிரூபி. மூச்சுக்கு 'ப்ரெத்', மூச்சுவிடு என்பதற்கு கடைசியில் ஈ சேர்த்து 'ப்ரீத்'. குளியலுக்கு 'பாத்', குளிப்பாட்டு என்பதற்கு மறுபடி ஈ சேர்த்து 'பேத்'. எல்லாவற்றிலும் பெயர்ச்சொல் அதிர்வில்லாமல் முடிகிறது, வினை அதிர்ந்து முடிகிறது. இந்த ஒழுங்கை ஒருமுறை காதால் பிடித்துவிட்டால் ஏழெட்டு ஜோடிகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யும் வேலை மிச்சம்.

காது உதவாத இரண்டு ஜோடிகளும் இந்தக் கூட்டத்தில் உண்டு: லைசென்ஸ், பிராக்டிஸ். பிரிட்டிஷ் முறையில் பெயருக்கு சி, வினைக்கு எஸ்; ஆனால் உச்சரிப்பு ஒன்றே. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநர் உரிமத்தை சி போட்டே எழுதுகிறது. அதே சட்டம் உரிமம் வழங்குவதைப் பேசும்போது 'லைசென்சிங்' என்பதில் எஸ் போடுகிறது, அது வினையிலிருந்து வந்தது என்பதால். அமெரிக்காவில் இந்தத் தொல்லை இல்லை: லைசென்ஸ் என்றால் எப்போதும் எஸ், பிராக்டிஸ் என்றால் எப்போதும் சி. மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு எஸ் போட்ட லைசென்ஸே கண்ணில் பட்டுக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். யாருக்கு எழுதுகிறீர்கள் என்று பார்த்து ஒரு முறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

அடுத்து, அஃபெக்ட், எஃபெக்ட். ஆங்கிலத்தில் எழுதும் யாரையும் இது ஒருமுறையாவது நிறுத்தி வைத்திருக்கும். ஏ-யில் தொடங்குவது பெரும்பாலும் வினை: ஒன்றைப் பாதிப்பது, அதில் மாற்றம் உண்டாக்குவது. ஈ-யில் தொடங்குவது பெரும்பாலும் பெயர்: விளைவு. அரசு அலுவலகத்திலோ வங்கியிலோ வேலை பார்ப்பவர்களுக்கு நான் சொல்லித்தரும் பிடிமானம் ஒன்று உண்டு. மாறுதல் ஆணை, சம்பள உயர்வு ஆணை எதுவாக இருந்தாலும் அதில் 'டபிள்யூ.ஈ.எஃப்.' என்று ஒரு தேதி இருக்கும். 'வித் எஃபெக்ட் ஃப்ரம்' என்பதன் சுருக்கம் அது. இன்ன தேதி முதல் அமலுக்கு வருகிறது என்று பொருள். அந்த நடு எழுத்து ஈ. அமலுக்கு வருவது, பலன், விளைவு என்று பெயராக வரும் இடமெல்லாம் இந்த ஈ-தான். ஆணையைப் பார்த்தவர்களுக்கு இது மறக்காது.

'பெரும்பாலும்' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஈ-யில் தொடங்குவதும் அபூர்வமாக வினையாக வரும். அப்போது 'நடத்திக் காட்டு, கொண்டுவா' என்று பொருள். புதிய விதி ஊழியர்களை 'அஃபெக்ட்' செய்தது என்றால் ஊழியர்கள் பாதிக்கப்பட்டார்கள். நிர்வாகம் ஒரு மாற்றத்தை 'எஃபெக்ட்' செய்தது என்றால் அந்த மாற்றத்தையே நிர்வாகம்தான் கொண்டுவந்தது. ஒப்பந்தங்களிலும் சட்டக் கடிதங்களிலும் இந்த இரண்டாவது வழக்கு வரும். படிக்கும்போது தெரிந்திருந்தால் போதும். தொடக்கத்தில் நீங்கள் அதைப் பயன்படுத்த வேண்டியதில்லை.

மூன்றாம் படி: சொல்லின் குடும்பத்தைத் தேடுங்கள்

தனியாக நிற்கும் சொல்லை நினைவில் வைப்பது கடினம். அதன் அண்ணன் தம்பிகளைத் தெரிந்துகொண்டால் எழுத்து தானாக வந்து உட்காரும்.

'ஸ்டேஷனரி' கடைப் பலகையில் கடைசிப் பகுதி ஏ-யா ஈ-யா என்ற சந்தேகம் பலருக்கும் உண்டு. ரொட்டி சுடுபவர் 'பேக்கர்', அவருடைய இடம் 'பேக்கரி'. மளிகை விற்பவர் 'குரோசர்', அவர் விற்பது 'குரோசரி'. அதேபோல, தாளும் பேனாவும் விற்பவர் 'ஸ்டேஷனர்', அவர் விற்பது 'ஸ்டேஷனரி'. விற்பவரின் பெயரில் இருக்கும் ஈ அப்படியே கூட வருகிறது. அசையாமல் நிற்கும் வண்டியைச் சொல்லும் ஸ்டேஷனரி இந்தக் குடும்பத்தில் இல்லை; அது ஆர்டினரி, பிரைமரி போன்ற பெயரடைகளின் கூட்டம், ஏ-யில் எழுதப்படும். சுவையான சங்கதி என்னவென்றால் இரண்டுக்கும் வேர் ஒன்றே. இடைக்கால ஐரோப்பாவில் சுமை தூக்கி ஊர் ஊராக விற்றவர்களே மிகுதி. ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டுப் புத்தகமும் தாளும் விற்றவர் 'ஸ்டேஷனர்' எனப்பட்டார். லண்டனில் அவர்கள் 1403இல் தங்களுக்கென்று ஒரு வணிகச் சங்கமே தொடங்கிவிட்டார்கள்.

'பிரின்சிபல்', 'பிரின்சிபிள்' ஜோடிக்கு ஆங்கிலப் பாடநூல்கள் ஒரு குறுக்குவழி தரும்: ஏ-எல் போட்டதன் கடைசி மூன்று எழுத்தும் நண்பனைக் குறிக்கும் 'பால்' என்ற சொல், ஆகவே தலைமையாசிரியர் உங்கள் நண்பர் என்று. நமக்கு அதைவிட நல்ல பிடி தமிழிலேயே இருக்கிறது. கல்லூரியின் பிரின்சிபல் யார்? முதல்வர். கடனில் வட்டி போக மிஞ்சும் பிரின்சிபல் எது? முதல். 'முதல்' என்ற பொருள் வரும் இடமெல்லாம் ஏ-எல். நேஷனல், சென்ட்ரல், ஃபைனல் என்ற பெயரடைகளில் வரும் அதே ஏ-எல் அது. எல்-ஈ என்று முடிவது கொள்கை, கோட்பாடு. வீட்டுக் கடன் கடிதத்தில் 'பிரின்சிபிள் அமவுன்ட்' என்று எல்-ஈ போட்டு எழுதினால், கொள்கைத் தொகையைத் திருப்பிக் கட்டுகிறேன் என்றாகிவிடும்.

'காம்ப்ளிமென்ட்' இதே போல. நடுவில் ஈ போட்டது, குறைந்ததை நிறைவு செய்வது. 'கம்ப்ளீட்' என்பதில் இருக்கும் அதே ஈ. நடுவில் ஐ போட்டது பாராட்டு. விடுதி அறையில் தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் தொங்கும் அட்டையில் 'காம்ப்ளிமென்ட்டரி' என்று இருக்குமே, அது ஐ. மரியாதை நிமித்தமாக, காசு வாங்காமல் தருவது. உணவகம் நடத்துபவர்கள் பட்டியல் அச்சடிக்கும் முன் இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

'டிஸ்கிரீட்' என்ற ஜோடி உங்கள் பட்டியலில் வந்தால்: இரண்டு ஈ-யும் ஒட்டி நின்றால் ரகசியம் காப்பவர், பக்குவமாக நடப்பவர். இரண்டு ஈ-யையும் நடுவில் ஓர் எழுத்து பிரித்தால் தனித்தனியானது என்று பொருள்.

நான்காம் படி: தமிழுக்குள் வந்துவிட்ட சொற்களைத் தனியாகக் கவனியுங்கள்

இதை ஆங்கிலப் பாடநூல்கள் சொல்லித்தராது. ஆங்கிலேயருக்கு இந்தச் சிக்கல் இல்லை; நமக்கு உண்டு. ஓர் ஆங்கிலச் சொல் தமிழ்ப் பேச்சில் ஊறிப்போன பிறகு, எழுதும்போது அந்த ஒலிதான் கையை இழுக்கும்.

முதலில் 'லூஸ்': சட்டை லூஸாக இருக்கிறது, போல்ட் லூஸாகிவிட்டது என்று தினமும் சொல்கிறோம். அந்தச் சொல்லில் இரண்டு ஓ. இழப்பதைக் குறிக்கும் சொல்லில் ஒரே ஓ-தான். அதன் முடிவில் முன்பு சொன்ன இசட் அதிர்வும் உண்டு. ஆனால் அந்தச் சொல்லை நாம் தமிழ்ப் பேச்சில் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. எனவே 'இந்த வாய்ப்பை இழக்க விரும்பவில்லை' என்று விண்ணப்பத்தில் எழுதும்போது, பழகிய இரண்டு ஓ லூஸ் வந்து உட்கார்ந்துவிடுகிறது. வேலை விண்ணப்பங்களில் நான் திரும்பத் திரும்பத் திருத்துவது இதைத்தான். இழப்பு என்றால் ஒரு ஓ-வையும் இழந்துவிடுங்கள். இரண்டில் ஒன்று போகட்டும்.

'சைட்' இன்னும் நெருக்கடியானது. வீட்டுமனை சைட், இணையதளம் வெப்சைட். இவை எஸ்-ஐ-டி-ஈ என்று எழுதப்படும் ஒரே சொல். பார்வையைக் குறிக்கும் சைட்டில் நடுவே ஜி-எச் ஒளிந்திருக்கிறது. 'லைட்', 'நைட்' போல. மேற்கோள் காட்டுவதைக் குறிக்கும் சைட் சி-யில் தொடங்கும். ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கு இது அடிக்கடி தேவைப்படும். 'சைட்டேஷன்' என்ற அதன் பெயர்ச்சொல்லையும் சேர்த்து எழுதிவைத்துக்கொண்டால் சி மறக்காது.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 'கவுன்சிலர்'. தமிழில் இந்த ஒரு வடிவத்துக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர் வரவில்லை என்று நாம் தேடிப் போகும் வார்டு உறுப்பினர் ஒருவர். மனம் பாரமாக இருக்கும்போதும், அடுத்து என்ன படிப்பது என்று தெரியாதபோதும் பேசப் போகும் ஆலோசகர் இன்னொருவர். முதலாமவர் 'கவுன்சில்' என்ற மன்றத்தைச் சேர்ந்தவர்: நடுவில் சி, அடுத்து ஐ. ஜி.எஸ்.டி. கவுன்சிலும், தமிழ்நாட்டில் 1986இல் நீக்கப்பட்ட சட்ட மேலவையான லெஜிஸ்லேட்டிவ் கவுன்சிலும் இந்த வகை. இரண்டாமவர் ஆலோசனை சொல்பவர்: நடுவில் எஸ், அடுத்து ஈ. பொறியியல் சேர்க்கைக்கான 'கவுன்சிலிங்' ஆலோசனையிலிருந்து வந்த சொல் என்பதால் அதில் எப்போதும் எஸ்தான். பயிற்சி மையங்களின் பெயர்ப்பலகையில் சி போட்ட கவுன்சிலிங்கை அடிக்கடி பார்க்கலாம். அதைப் பார்த்துப் பழகாதீர்கள். நீதிமன்றத்தில் கட்சிக்காரருக்காக வாதாடும் வழக்கறிஞரைக் குறிக்கும் 'கவுன்சல்' கூட எஸ், ஈ வகைதான்.

ஐந்தாம் படி: மாறும் எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள்

இந்த யோசனையை மருந்துத் துறையிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஹைட்ராலசின் என்பது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. ஹைட்ராக்சிசின் அரிப்புக்கும் ஒவ்வாமைக்கும் தருவது. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தொடங்கி ஒன்றுபோல முடியும். அவசரத்தில் மருந்தை மாற்றி எடுக்காமல் இருக்க, அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2001 முதல் ஒரு முறையை ஊக்குவித்துவருகிறது: பெயரில் வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடுவது. கண் நேராக அந்த வேறுபாட்டில் போய் விழும். சில சமயம் அதுவும் போதாது. ப்ரின்டெல்லிக்ஸ் என்ற மனச்சோர்வு மருந்தும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ப்ரிலின்டாவும் மாறிப்போவதாக 2015இல் அதே அமைப்பு எச்சரித்தது. மறு ஆண்டே முதல் மருந்தின் பெயரை ட்ரின்டெல்லிக்ஸ் என்று மாற்றிவிட்டார்கள்.

உங்கள் நோட்டிலும் இதையே செய்யுங்கள். சொல் முழுவதும் சிறிய எழுத்து, குழப்பும் எழுத்து மட்டும் பெரிய எழுத்து, முடிந்தால் வேறு நிறத்தில். பக்கத்தில் தமிழ்ப் பொருள் மட்டும் எழுதி நிறுத்திவிடாமல், உங்கள் வேலையில் உண்மையாகவே எழுதக்கூடிய ஒரு முழு வாக்கியத்தை எழுதுங்கள். ஜோடியின் இரண்டு சொல்லையும் ஒரே நாளில் எழுத வேண்டாம். ஒன்று நன்றாகக் கைக்கு வந்த பிறகு மற்றதைத் தொடுங்கள்.

மருத்துவமனைப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 'ஹைப்பர்' என்றால் மேலே, மிகுதி. 'ஹைப்போ' என்றால் கீழே, குறைவு. இரண்டும் கிரேக்க மொழியிலிருந்து வந்த முன்னொட்டுகள். நம் வீடுகளில் 'எனக்குத் தைராய்டு இருக்கிறது' என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். ஹைப்பர் தைராய்டா, ஹைப்போ தைராய்டா என்பதைப் பொறுத்து சிகிச்சை நேர் எதிராக மாறும். சர்க்கரை அளவு கூடியதா குறைந்ததா என்பதும் அப்படியே. வீட்டுப் பெரியவர்களின் பரிசோதனை அறிக்கையைப் படித்து இன்னொரு ஊரில் இருக்கும் மருத்துவருக்கோ உறவினருக்கோ நீங்கள் எழுதி அனுப்ப நேர்ந்தால், இந்தக் கடைசி எழுத்துகளை இரண்டு முறை பாருங்கள்.

ஆறாம் படி: தமிழில் சொல்லிப் பாருங்கள்

சில ஜோடிகளுக்குத் தமிழே நல்ல உரைகல். 'தேன்', 'தென்' என்று நாம் உச்சரிக்கும் சின்னச் சொற்கள் இரண்டில் எது என்ற சந்தேகமா? தமிழில் 'விட' வந்தால் ஏ: இதைவிட அது பெரியது. 'பிறகு', 'அப்போது' வந்தால் ஈ.

'இட்ஸ்' எழுதும்போது மேலே அந்தச் சிறு குறி வேண்டுமா? 'அதன்', 'அதனுடைய' என்று தமிழில் வந்தால் குறி வேண்டாம். ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ் எதிலும் குறி இல்லாததுபோல இதிலும் இல்லை. 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்று விரித்துப் படிக்க முடிந்தால் மட்டும் குறி போடுங்கள்.

'எகனாமிக்', 'எகனாமிக்கல்': பொருளாதாரம் சார்ந்தது முதலாவது, சிக்கனமானது இரண்டாவது. நாட்டின் கொள்கை முதல் வகை, குறைவாகப் பெட்ரோல் குடிக்கும் வண்டி இரண்டாம் வகை. 'ஹிஸ்டாரிக்' என்றால் வரலாற்றில் இடம்பெறத்தக்க பெருமை உடையது. 'ஹிஸ்டாரிக்கல்' என்றால் வரலாறு சார்ந்தது, அவ்வளவுதான். தாலுகா அலுவலகத்தின் பழைய பதிவேடு ஒவ்வொன்றும் இரண்டாம் வகையில் சேரும். முதல் வகையில் சேருவது அபூர்வம்.

'க்வைட்' மட்டும் தமிழால் தீராது. அமைதியைக் குறிக்கும் சொல்லை 'க்வை-யட்' என்று இரண்டாக உடைத்துச் சொல்லுங்கள். ஈ-யும் டி-யும் அந்த வரிசையில் வரும். 'ரொம்ப', 'ஓரளவு' என்ற பொருளில் வரும் க்வைட் ஒரே மூச்சில் முடியும். அதில் ஈ கடைசியில்.

நேரம் வீணாக்க வேண்டாத சொற்கள்

'கலர்' என்பதில் யு வேண்டுமா வேண்டாமா, 'கிரே' என்ற நிறத்தில் ஏ-யா ஈ-யா, 'சென்டர்' ஈ-ஆர் என்று முடியுமா ஆர்-ஈ என்று முடியுமா என்பவை பொருள் வேறுபாடுகள் அல்ல. பிரிட்டனும் அமெரிக்காவும் வேறு வேறாக எழுதுகின்றன. நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அகராதி அமெரிக்க எழுத்துமுறையை நிலைநிறுத்தியது. அன்று பிரிந்த பாதை இது. மின்னஞ்சல் நிரலில் மொழி அமைப்பை ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் கணினியே இவற்றைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் கவனத்தைக் கணினியால் பிடிக்க முடியாத சொற்களுக்கு மிச்சம் வையுங்கள்.

கடைசிப் படி: அனுப்பும் முன்

எழுதிக்கொண்டிருக்கும்போது நின்று நின்று சந்தேகப்பட வேண்டாம். முழுதாக எழுதி முடியுங்கள். பிறகு, உங்கள் பட்டியலில் இருக்கும் சொற்களைக் கணினியின் தேடல் வசதியில் ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். கண்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தினால் போதும். அட்வைஸ் எங்கெல்லாம் இருக்கிறது, ஒவ்வொன்றும் பெயரா வினையா. லூஸ் இருக்கிறதா, அது தளர்வா இழப்பா. இப்படித் தேடும்போது வாக்கியத்தின் பொருளில் மனம் ஓடாது. சொல்லின் மேல் மட்டும் நிற்கும். சந்தேகம் தீராவிட்டால் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் போன்ற கற்போருக்கான இலவச இணைய அகராதிகளைத் திறந்து, பொருளுக்கு முன்னால் அது பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்று போட்டிருப்பதை முதலில் பாருங்கள். அடுத்து ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தி உச்சரிப்பைக் கேளுங்கள். எடுத்துக்காட்டு வாக்கியங்களை அதற்குப் பிறகு படித்தால் போதும்.

ஆள் பெயரையும் நிறுவனப் பெயரையும் எந்த அகராதியும் காப்பாற்றாது. அவற்றை மூல ஆவணத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். பிரிட்டனில் 2009இல் 'டெய்லர் அண்ட் சன்' என்ற நிறுவனத்தை மூடும்படி நீதிமன்ற ஆணை வந்தது. நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் அதை வேல்ஸில் நன்றாக நடந்துகொண்டிருந்த 'டெய்லர் அண்ட் சன்ஸ்' என்ற பொறியியல் நிறுவனத்தின் பெயரில் பதிந்துவிட்டது. கூடுதலாக ஒரே ஒரு எஸ். பதிவு பிறகு திருத்தப்பட்டாலும், அதற்குள் செய்தி பரவி, சரக்குக் கொடுப்பவர்களும் வாடிக்கையாளர்களும் விலகி, அந்த நிறுவனம் சில மாதங்களிலேயே நொடித்துப் போனது. பதிவகமே இதற்குப் பொறுப்பு என்று 2015இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஏற்கெனவே அனுப்பிவிட்ட மடலில் பிழை கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்பதுண்டு. சக ஊழியருக்கு அனுப்பிய சாதாரண மடல் என்றால் விட்டுவிடுங்கள். அந்தச் சொல்லை மட்டும் நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை விண்ணப்பம், விலைப்புள்ளி, ஒப்பந்தம், மருத்துவக் குறிப்பு இவற்றில் ஏதாவது ஒன்று என்றால் அன்றைக்கே திருத்திய பிரதியை அனுப்பிவிடுங்கள். 'திருத்திய பிரதி இணைக்கப்பட்டுள்ளது, முந்தையதற்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளவும்' என்ற அளவுக்கு ஒரு வரி போதும். நீண்ட மன்னிப்பு தேவையில்லை.